அடுப்புக்குத் தள்ளி ஒரு மேசை

என் வீட்டுக்காரருக்கு வாய்ருசி ஜாஸ்தி. திருத்தங்கலில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் நாள் பூரா மையையும் மண்ணெண்ணெயையும் மோந்து அந்த மனுசனுக்கு மூக்கே செத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் வேலை முடிந்து தெருவுக்குள் சைக்கிளில் நுழையும்போதே எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் வெறும் ரசம் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் மதுரைக்குப் போகிறோம் என்று முடிவானதும் என்ன செய்வார்? எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்கவில்லை. மதுரையில் எங்கே சாப்பிடுவது என்று பிரஸ்ஸில் ஆள் ஆளாகப் பிடித்து விசாரித்துக்கொண்டு வந்தார்.

"கட்டிங் மிஷின் அண்ணாச்சி பருத்திப்பால் குடிக்காம வந்துராதன்னு சொல்லுதாரு. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. ராத்திரிக்குக் கறிதோசை. மறுநாள் மத்தியானம் சிம்மக்கல் பக்கம் ஒரு மெஸ்ஸு, அங்கன அயிரைமீன் கொழம்பு. எல்லாம் சேத்து அஞ்சு வேளைதான் இருக்கு புள்ள. ஒரு வேளையக்கூட வீணாக்கக் கூடாது" என்றார்.

"ஏங்க, நாம சாப்பிடவா போறோம்?"

"பின்ன என்னத்துக்குப் போறோம்?" என்று கேட்டுவிட்டு அவரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என்னத்துக்குப் போகிறோம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள். வருகிற ஜூனில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். மதுரையில் இருக்கிற அவருடைய அக்கா, எனக்கு மதினி, பிரஸ்ஸுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார்: "பிள்ளைய எங்கிட்ட விடுங்க. எனக்கு ரெண்டும் ஆம்பளப் பிள்ளையாப் போச்சு, அதுகளும் ஆஸ்டலுக்குப் போயிருச்சுக. வீட்டுக்கு எதுத்தாப்புல இங்கிலீசு பள்ளிக்கூடம். நான் வளக்கேன். ஆமத்தூர்ல கெடந்தா அவளும் ஒரு நாள் ஆத்தா கூட வேன்ல ஏறி மருந்து அடைக்கத்தான் போவா."

அந்தக் கடைசி வார்த்தை என்னைக் குத்துவதற்காகச் சொன்னது. குத்தவும் செய்தது. நான் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். எட்டு வருடமாகக் காலையில் பட்டாசு ஆலை வேனில் ஏறிப்போய், சாயங்காலம் கையும் காதும் மூக்குத் துவாரமும் வெள்ளிப் பவுடராக மின்ன வந்து இறங்குகிறவள். மகள் அந்த வேனில் ஏறக் கூடாது என்று மதினியை விட எனக்குத்தான் வெறி. ஆனால் அதற்காகப் பெற்ற பிள்ளையைத் தூக்கி இன்னொருத்தி மடியில் வைத்துவிட்டு வர முடியுமா? முடியாது என்று நான் சொன்னேன். இவர் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போய்ப் பார்ப்போம், பிள்ளை ஒட்டுகிறாளா என்று பார்ப்போம், முடிவு பிறகு என்றார். அந்தப் 'பார்ப்போம்'தான் மதுரைப் பயணம்.

தீபாவளி முடிந்தால் எங்களுக்கு ஆலை கிடையாது. சீசன் முடிந்து, லோடு எல்லாம் போய், பூட்டிக் கிடக்கும். கல்யாணம், காதுகுத்து, ஊருக்குப் போவது எல்லாம் அப்போதுதான். கையில் வேலை இல்லாவிட்டால் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்று இவர் பிரஸ்ஸிலிருந்து துணிக்கடை அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். சேலையில் விலை எழுதித் தொங்கவிடுவார்களே, அந்த அட்டை. ஓட்டையில் நூலைக் கோர்த்து முடிச்சுப் போட வேண்டும். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, நான் சொல்லிக்கொடுக்காமலே போடப் பழகியிருந்தாள். "சும்மா கெட, விரல அறுத்துக்கிடுவ" என்று திட்டினாலும் ஒன்றிரண்டு போட்டுவிட்டுத்தான் எழுவாள்.

சனிக்கிழமை காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கினோம். கையில் மதினிக்கு ஒரு கிலோ சாத்தூர் சேவு. பையில் மகளுடைய கவுன்கள். இரண்டு நாளைக்கு எதற்கு ஐந்து கவுன் என்று நான் கேட்கவில்லை. பையில் துணி எடுத்து வைத்தது அவர்.

முதல் வேளை நன்றாகத்தான் போனது. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு கடையில் இட்லி. துணியோடு தட்டில் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து உரித்து வைத்தார்கள். சுற்றிலும் நாலு தினுசுச் சட்னி. மகள் காரச் சட்னியைத் தொட்டு நாக்கை நீட்டிக்கொண்டு குதித்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "பரோட்டான்னா நம்ம விருதுநகர் எண்ணெய் பரோட்டாதான், அதுல இவங்க நம்மகிட்ட நிக்க முடியாது. ஆனா இட்லிக்கு மதுரைதான்" என்று நீதிபதி மாதிரித் தீர்ப்புச் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஊரில் காற்றிலேயே தாளிச்ச வாசனை வந்தது. எங்கள் பக்கத்துக் காற்றில் என்ன வாசனை வரும் என்று எங்களைக் கேட்டால் தெரியும்.

மதினி எங்களுக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "வாங்க, வாங்க. பஸ்ல எடம் கெடச்சுச்சா? ஏ தாயி, அத்தைட்ட வா" என்று மகளை அள்ளிக்கொண்டார். அவளும் போய் இடுப்பில் உட்கார்ந்துகொண்டாள். ஒட்டுகிறாள் என்று இவர் என்னைப் பார்த்தார். நான் சேவுப் பொட்டலத்தைப் பிரிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மத்தியானத்துக்குத் தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு கடையை இவர் மனதில் வைத்திருந்தார். குடல் குழம்பும் கோலா உருண்டையும். மதினி மூக்கைச் சுருக்கினார்.

"பட்டிக்காட்டான் மாதிரி அந்தக் கடைக்கா? பிள்ளைக்கு நல்ல எடத்தக் காட்டு. புதுசா ஏசி ஓட்டல் ஒண்ணு தெறந்திருக்கான். கண்ணாடிக்குள்ள நம்ம கண்ணு முன்னாலேயே சமைக்கிறான். பிரைடு ரைஸு, மஞ்சூரியன்னு பிள்ளைக பிச்சுக்கிட்டுத் திங்குதுக. நான் வாங்கித் தாரேன், வாங்க."

அக்கா வாங்கித் தருகிறேன் என்றால் தம்பி என்ன பேச முடியும்? கறிதோசைக்காரர், குடல் குழம்புக்காரர், வாயை மூடிக்கொண்டு பின்னால் வந்தார்.

அந்த ஓட்டலில் நுழையும்போதே எனக்குச் சரிப்படவில்லை. கதவு கண்ணாடி, சுவர் கண்ணாடி, உள்ளே ஒரே குளிர். மதினி சுவரோரம் உட்கார்ந்து மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். எதிரில் நானும் இவரும். வாசல் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. எட்டு வருடத்தில் நான் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததே கிடையாது. ஆலையில் ஒவ்வொரு ரூமுக்கும் சுற்றி வாசல் வைத்திருப்பார்கள். வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். கொண்டை ஊசி கூடாது, இரும்புச் சாமான் கூடாது, உரசினால் பொறி பறக்கும்; செருப்பு வெளியே. இதையெல்லாம் அந்த ஓட்டலில் யாரிடம் சொல்வது? "மதினி, இடம் மாத்திக்கிடுவோமா?" என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் ஏன் என்பார். செருப்பை மட்டும் கழற்றி மேசைக்கு அடியில் விட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பையன் பெரிய சட்டியைப் போட்டு இரும்புக் கரண்டியால் டங்கு டங்கென்று அடித்துக்கொண்டிருந்தான். இரும்பில் இரும்பு. ஒவ்வோர் அடிக்கும் என் தோள் தூக்கிப் போட்டது. தண்ணீரைக் குடித்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஏ கூறுகெட்டவளே, இது ஓட்டல், சோறு பொங்குகிற இடம் என்று எனக்கு நானே சொன்னேன்.

அப்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது.

சட்டியிலிருந்து தீ எழும்பி அந்தப் பையனின் தலைக்கு மேலே போனது. அவன் வேண்டுமென்றே செய்தது அது. அவனுக்கு அது வேடிக்கை. வந்தவர்களுக்குக் காட்டுகிற வித்தை. பின்னால் ஒரு மேசையில் கைகூடத் தட்டினார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்துக்கு என் காலுக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும்.

ஓடினேன். நாற்காலி சாய்ந்தது. செருப்பு மேசைக்கு அடியிலேயே கிடந்தது. எதிரே தட்டோடு வந்த சப்ளையரை ஒரே தள்ளு; அவன் கையிலிருந்த சோறெல்லாம் தரையில். கண்ணாடிக் கதவைத் தோளால் முட்டித் திறந்து, ரோட்டில் இறங்கி, ஆட்டோ, சைக்கிள் எதையும் பாராமல் குறுக்கே ஓடி, அந்தப் பக்கம் நின்ற வேப்பமரத்தடியில் போய்த்தான் நின்றேன். எங்கள் ஆலையிலும் வேப்பமரம்தான். ஓடிவந்து சேர வேண்டிய இடம் அது. மரத்தடிக்கு வந்ததும் தலையை எண்ண வேண்டும். ரூமில் நாலு பேர் இருந்தால் நாலு தலை நிற்கிறதா என்று. எட்டு வருடப் பழக்கம், கண் தானாக எண்ணியது.

ஒரு தலைதான் இருந்தது. என் தலை.

அப்போதுதான் எனக்கு ஒரு மகள் இருப்பதே ஞாபகம் வந்தது. இதை எழுதும்போதுகூட முகம் காந்துகிறது. ஒரு தாய்க்கு வரக்கூடாத நினைப்பு அது: 'ஐயோ, பிள்ளை' என்று அப்போதுதான், ரோட்டைத் தாண்டிய பிறகுதான், மூச்சு வாங்கிக்கொண்டு நினைத்தேன்.

திரும்பி ஓடினேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே எல்லாரும் எழுந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீயும் இல்லை, புகையும் இல்லை. அந்தப் பையன் கரண்டியைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஒரு சப்ளையர் என் செருப்பு இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். "என்னக்கா, பில்லு வர்றதுக்குள்ளயே ஓடிட்டீங்க?" என்றான். ஓட்டலே சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். நாண்டுகொண்டு செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

மகள் அழவில்லை. மதினி அவளைத் தன் மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் அங்கிருந்து என்னைப் பார்த்தாள். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். வரவில்லை.

"விடு, பயந்து போயிருக்கா" என்றார் மதினி. பிறகு சத்தம் இல்லாமல் இன்னொன்று சொன்னார். ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார். "எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தா பிள்ள. கைய நீட்டுனா எட்டும். பெத்தவ திரும்பிக்கூடப் பாக்கலையே."

இவர் குனிந்து தரையில் கிடந்த சோற்றை சப்ளையரோடு சேர்ந்து அள்ளிக்கொண்டிருந்தார். மை படிந்த அந்த விரல்களால் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினார். அவராவது என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அந்தப் பிரைடு ரைஸை யாரும் சாப்பிடவில்லை. மதினி காசைக் கொடுத்தார், வெளியே வந்தோம். அஞ்சு வேளையில் ஒரு வேளை வீணாகப் போய்விட்டது.

திரும்பிப் பார்க்கவில்லையே என்று மதினி கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போர்மேன் எங்களை உட்காரவைத்துச் சொன்னது அதைத்தான். "சத்தம் கேட்டா சாமானப் பாக்காத, செருப்பப் பாக்காத, பக்கத்துல எவ இருக்கான்னு பாக்காத. திரும்பாம ஓடு. திரும்புனவ வந்ததில்ல." சும்மா மிரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் பக்கத்து ரூமில் புகை வந்தது. எங்கள் ரூமில் நாலு பேரும் ஓடினோம். அதில் ஓர் அக்கா, எனக்குத் தலை சீவிவிடுகிறவர், மரத்துக்குப் பாதி தூரத்தில் நின்று திரும்பினார்; வந்து சேரவில்லை. தூக்குச்சட்டியை எடுக்கத் திரும்பினார் என்று பிறகு பலபேர் பேசிக்கொண்டார்கள். இல்லை. அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. நான் பின்னால் வருகிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் அவரைத் தாண்டி, முதல் ஆளாக மரத்தடிக்கு வந்திருந்தேன்.

அதற்குப் பிறகு என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. இது இவருக்குத் தெரியும். மதினிக்குத் தெரியாது. தெரிந்தாலும் என்ன சொல்வார்? "அப்ப இன்னும் நல்லது, பிள்ளைய இங்கன விடு" என்பார். அதில் தப்பும் இல்லை.

சாயங்காலம் விளக்குத்தூணுக்குப் போனோம். ஜிகர்தண்டாவில் மகள் மூக்கு வரை நனைத்துக்கொண்டாள். அத்தையிடம் துடைக்கச் சொல்லி முகத்தைக் காட்டினாள். முந்தின நாள் வரை அந்த முகம் என் முந்தானையைத்தான் தேடும். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலும் கடல்பாசியும் ஐஸ்கிரீமுமாக என்னென்னவோ போட்டிருந்தார்கள், ஒரு வாயோடு இவரிடம் நீட்டிவிட்டேன்.

கறிதோசைக் கடையில் இவர் ஒரு காரியம் செய்தார். "நீங்க இங்கன நில்லுங்க" என்று எங்களை ரோட்டில் நிறுத்திவிட்டு முதலில் தான் மட்டும் உள்ளே போனார். கல்லாவைத் தாண்டி, தோசைக்கல் வரை போய் எட்டிப் பார்த்தார். கல்லாவில் இருந்தவர், "என்ன அண்ணாச்சி, ஆள் தேடுறீங்களா?" என்று கேட்டது வெளியே கேட்டது. இவர் திரும்பி வந்து, "உள்ளாற வேணாம். வெளிய ஒரு பெஞ்சு கெடக்கு. அடுப்பு தள்ளிதான் இருக்கு" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். ஊரெல்லாம் விசாரித்து ருசிக்கு அலைந்த மனுசன், இப்போது அடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பெண்டாட்டிக்குச் சோறு தேடுகிறார். அவர் திட்டாதது மாதிரியே இதுவும் எனக்கு அடிதான். அந்தக் கறிதோசையை அவர் ருசித்துச் சாப்பிட்டாரா என்பதைக்கூட நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு மகள் அத்தை பக்கத்தில் படுத்துக்கொண்டாள். தூங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். என்னிடம் இல்லை, அத்தையிடம்.

"அத்தை, அம்மா எங்க ஓடுனா?"

"அது தீயக் கண்டு பயந்து ஓடிட்டா தாயி. அத்தை ஓடுவனா? உன்னயத்தான் புடிச்சிக்கிட்டு இருந்தேன், பாத்தேல்ல?"

"ம்" என்றாள்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை மதினி. பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலையில் தெருமுனையில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துக்கொண்டே மதினி பேச்சை எடுத்தார். "ஜூன் வரைக்கும் என்னத்துக்குக் காத்துக் கெடக்கணும்? இப்பவே இருக்கட்டும், பழகிக்கிடும். பொங்கலுக்கு நான் கூட்டிட்டு வாரேன். நீ என்னலே சொல்லுற?" என்று தம்பியைக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். ஊரிலிருந்து கிளம்பும்போது இந்தக் கேள்விக்கு என்னிடம் நூறு பதில் இருந்தது. தாய் இல்லாமல் பிள்ளை ஏங்கிப்போகும் என்பேன். என் பிள்ளையை என்னைவிட யார் பார்ப்பார் என்பேன். இப்போது அதில் எதைச் சொல்வது? எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

"இருக்கட்டும் மதினி" என்றேன்.

இவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்லுதியா புள்ள?"

"ஆமா. இங்கன இருந்தா நல்லா இருப்பா."

நானே பையைத் திறந்து ஐந்து கவுனில் ஒன்றை மட்டும் அவளுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தை மதினியின் பீரோவில் அடுக்கினேன். போட்டுவிட்டது ரோஸ் கவுன். பின்பக்கம் இரண்டு நீள நாடா வைத்தது. பூ மாதிரி கட்டிவிட்டேன். மகள் கட்டிலில் நின்றபடி பீரோவைப் பார்த்தாள், காலியான பையைப் பார்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால் உடைந்திருப்பேன். அத்தை வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப் போகிறாய் என்று சாப்பிட்டுவிட்டு வந்து சொல்வோம் என்று பெரியவர்கள் மூன்று பேரும் கண்ணாலேயே பேசிக்கொண்டோம். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பு எங்களுக்கு.

மத்தியானம் சிம்மக்கல் பக்கத்து மெஸ். இவர் முந்தின ராத்திரி மாதிரியே எங்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அடுப்பு கொல்லப்பக்கம். நடுவுல சுவரு இருக்கு, வாங்க" என்றார். மதினி உச்சுக் கொட்டினார். "இதென்ன புதுப் பழக்கம், போற எடமெல்லாம் அடுப்பத் தேடிக்கிட்டு" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

நீளப் பெஞ்சு. ஒரு ஓரம் நான், நடுவில் மகள், அவளுக்கு அந்தப் பக்கம் மதினி. எதிரில் இவர். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். அயிரைமீன் குழம்பு வந்தது. சுண்டுவிரல் மாதிரிச் சின்ன மீன், முள்ளோடு அப்படியே சாப்பிடுவது. மண்சட்டிக் குழம்பு, புளியும் மிளகாயும் கூடி நின்றது. நேற்றிலிருந்து ஒன்றும் ருசிக்காத வாய்க்கு அது ருசித்தது. வெட்கங்கெட்ட வயிறு. பிள்ளையை விட்டுவிட்டுப் போகப்போகிற நேரத்தில் இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். இவர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குல்ல?" என்றார். அந்த ஓட்டலுக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மகள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தலையைக் குனிந்து மடிக்குள் என்னவோ செய்துகொண்டிருந்தாள். மதினி ஒரு வாய் ஊட்டினால் வாங்கிக்கொள்வாள், மறுபடி குனிந்துவிடுவாள். "என்னத்த நோண்டுற? சோத்தப் பாரு தாயி" என்றார் மதினி. நான் கேட்கவில்லை. இனி அதட்டுகிற உரிமை அவருக்குத்தானே என்று இருந்தது.

சாப்பிட்டு முடித்து இலையை மடித்தேன். கை கழுவ எழுந்தேன். எழ முடியவில்லை. முந்தானையை யாரோ கீழே இழுத்தார்கள். எதிலோ மாட்டிவிட்டது என்று இடது கையால் இழுத்தேன். இழுத்த இழுப்பில் மகள் பெஞ்சோடு என் பக்கம் சறுக்கிக்கொண்டு வந்தாள்.

குனிந்து பார்த்தேன். நான் காலையில் பூ மாதிரி கட்டிவிட்ட நாடாவை அவிழ்த்து முன்னால் கொண்டுவந்திருந்தாள். அதை என் முந்தானை நுனியோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தாள். ஒன்று இல்லை, வரிசையாக நாலைந்து. அட்டைக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுகிறது.

"ஏ, என்ன பிள்ள இது?" என்றார் மதினி. பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பரிமாறுகிறவர் குழம்பு வாளியோடு நின்றுவிட்டார். இவர் எழுந்து வந்து இடது கையால் அவிழ்க்கப் பார்த்தார். நான் வேறு இழுத்துவிட்டேனே, அவிழுமா?

மகள் அவர் கையைத் தட்டிவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஓடுனீன்னா நானும் வரணும்ல" என்றாள்.

மெஸ்ஸில் அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். முந்தின நாள் ஓட்டலே சிரித்தபோதுகூட நான் அப்படிக் கூசிப்போனதில்லை. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் எச்சில் கை இலைக்கு மேலே காய்ந்துகொண்டிருந்தது.

"விடுங்க, அவுக்க வேணாம்" என்றேன் அவரிடம்.

பிறகு மகளைப் பார்த்து, "எந்திரி, வா" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கை கழுவவா போற, ஓடவா போற?"

"கை கழுவத்தான்."

கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புப் போட்டிருக்கிறேனா என்று பார்த்தாள் போல; நேற்று ஓடியது செருப்பு இல்லாமல்தானே. பிறகு "சரி, வா" என்று பெஞ்சிலிருந்து இறங்கி, எனக்கு முன்னால் நடந்தாள்.